வீரணன் வண்டி

கூடலூருக்கு வந்த புதிதில் ஒரு டீக்கடை வாசலில் நின்று, "இங்கயிருந்து குமுளி எத்தனை கட்டைங்க?" என்று கேட்டேன். கடைக்காரர் பாய்லரை விட்டு நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மிகவும் பொறுமையாக, "கட்டை வேணும்னா அங்கன, விறகுக் கடையில கேளுங்க. அதுக்கு எதுக்குக் குமுளிக்குப் போறீக?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இலங்கையில் மைல் கல்லைத்தான் நாம் கட்டை என்போம். அஞ்சாம் கட்டையில் இறங்கு, ஒன்பதாம் கட்டையில் கொழுந்து நிறுக்கிற மடுவம் என்று சொல்லியே வளர்ந்தோம். இங்கே கட்டை என்றால் அடுப்பில் வைப்பது. அதே தமிழ், அதே சொல், ஆனால் கேட்டவன் கையில் விறகுதான் கிடைக்கிறது.

மலைநாட்டில் இன்னும் இருக்கிறவர்களும், என்னைப் போலக் கப்பலேறி வந்து தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையில் அடுப்பு மூட்டியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். நம் காகிதங்களில் 'தாயகம் திரும்பியோர்' என்று போட்டிருக்கிறார்கள். என் பாட்டனுடைய அப்பா விட்டுப் போன இடத்துக்கு நான் எப்படித் திரும்ப முடியும் என்று எந்த அதிகாரியிடமும் கேட்கவில்லை. வீட்டுக் கடனும் தொழில் கடனும் கிடைக்க நாம் பட்ட பாட்டைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது ஒரு டீசல் பிக்கப்பையும், அதன் பின்னால் மாட்டிய டிரெய்லரையும், அதை ஓட்டிய வீரணன் என்ற மனிதனையும் பற்றி. அவன்மேல் எனக்கு இருந்த பொறாமையைப் பற்றி. வந்த இடத்தில் பசியையும் நோயையும் வெளியே சொல்கிறோம், பொறாமையை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இலங்கையில் நான் தேயிலைத் தோட்டத்து டிராக்டர் ஓட்டினேன். மலைச் சரிவில் பறித்த கொழுந்தைச் சாக்குகளில் கட்டி டிரெய்லரில் ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுவர வேண்டும். வருஷத்தில் பாதி நாள் மழை. பாதை முழுக்கச் சேறும் வழுக்குப் பாறையும். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. முன்னால் போகிற வண்டி நின்றாலும் அது நிற்க விரும்பாது. வந்து முட்டும், முட்டிப் பக்கவாட்டில் தள்ளும். அதனால் பாரம் ஏற்றும்போதே பாதிப் பயணம் முடிவாகிவிடும். கனமான சாமான் டிரெய்லரின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் இழுக்கிற தண்டு வண்டியின் கொக்கிமேல் கொஞ்சம் அழுந்தி நிற்கும், டிரெய்லர் வாலாட்டாமல் வரும். பாரம் பின்னால் போய்விட்டால் தண்டு மேலே தூக்கும், வண்டியின் பின்சக்கரங்களுக்குப் பிடி போய்விடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. தொரை மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பார், தப்பினால் வேலை போய்விடும். அந்தப் பயத்தில் வந்தது.

கூடலூரில் எனக்கு வேலை கொடுத்தவர் தனபாக்கியம் அக்கா. கணவர் இறந்த பிறகு அவருடைய வியாபாரத்தைத் தானே எடுத்து நடத்தியவர். கம்பம் பள்ளத்தாக்கில் அரிசி, காய்கறி, வாழைத்தார் வாங்கி மேலே குமுளிக் கடைகளுக்கும் ஏலத்தோட்டங்களுக்கும் அனுப்புவார். அங்கிருந்து மிளகும் ஏலக்காயும் கீழே வரும். நான் மூட்டை ஏற்றி இறக்குகிறவனாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் கடைசியில் அக்கா பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினார். ஒரே நடையில் அதிகச் சரக்கு போகட்டும் என்று தேனியில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரண்டு சக்கர டிரெய்லரும் செய்யச் சொன்னார். அது வந்து இறங்கிய அன்று நான் அதன் தண்டைத் தூக்கிப் பார்த்தேன், கொக்கியைத் தடவிப் பார்த்தேன். வெகுநாள் கழித்து என் வேலை என்னைத் தேடி வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே துள்ளல். அக்கா சாவியை வீரணன் கையில் கொடுத்தார்.

வீரணன் என்னைவிட நாலைந்து வயது சின்னவன். சரக்கு ஜீப் ஓட்டிப் பழகியவன், நல்ல ஓட்டுக்காரன். அதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என்னைச் 'சிலோன் அண்ணே' என்பான். சரக்கு இறக்க நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் அவனை எத்தனை பேர் கூப்பிடுவார்கள் என்று எண்ணி முடியாது. ஒருத்தி மச்சான் என்பாள், ஒரு கிழவர் மாப்ளே என்பார், தோப்புக்குள்ளிருந்து முகம் தெரியாமல் ஒரு குரல் மட்டும், "ஏலே வீரணா, எங்க மகளப் பாத்தா வெள்ளிக்கிழமை வரச் சொல்லு!" என்று வரும். குமுளியில் கட்டிக் கொடுத்த பெண்களுக்குத் தாய்மார் முறுக்குப் பொட்டலத்தை வண்டிக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள். யாருக்கு என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பொட்டலங்கள் என் மடியில்தான் இருக்கும். நான் ஒரு பலகை போல அவற்றைத் தாங்கிக்கொண்டு போவேன். சம்பளத்திலோ சாவியிலோ எனக்கு அவ்வளவு எரிச்சல் இல்லை. ஒரு தாய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என் மகளிடம் இதைக் கொடு என்று ஒரு தடவை சொல்ல மாட்டாளா என்றுதான் வெந்தேன். வீட்டுக்கு வந்து எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவேன். என் மனைவி ராசம்மா திராட்சைத் தோட்டத்து வேலையில் சிநேகிதிகளைப் பிடித்துவிட்டவள். "அந்தாளு பொறந்த ஊர்ல அந்தாளக் கூப்புடுறாங்க. அதுக்கு நீங்க ஏன் வேகுறீங்க?" என்று சிரிப்பாள். அவள் சிரித்தால் இன்னும் எரியும்.

டிரெய்லரில் முதல் பாரம் ஏற்றிய அன்று நடந்தது இன்னும் காதில் இருக்கிறது. அரிசி மூட்டைகளைப் பின்பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பொறுக்க முடியாமல், "தம்பி, பாரம் முன்னுக்கு வரணும்" என்றேன்.

வீரணன் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினான். "என்னண்ணே?"

"பாரம் முன்னுக்கு வரணும். பின்னுக்கு இருந்தா சரியில்ல."

அவன் மற்ற ஆட்களைப் பார்த்தான். "கேட்டீகளாய்யா? நாம முன்னுக்கு வராட்டியும் அக்காவோட அரிசி மூட்டை முன்னுக்கு வரணுமாம்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நமக்கு முன்னுக்கு என்றால் முன்பக்கம். இவர்களுக்கு அது பிழைப்பில் உயர்வது. முன்பக்கம் என்று நான் திருத்திச் சொன்னபோது யாருக்கும் காது இல்லை. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால், "அண்ணே, முன்னுக்கு வந்துட்டீகளா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்காமல் ஒன்று செய்தேன். கொக்கியில் செருகிய ஆணி கழன்றாலும் டிரெய்லர் விட்டுப் போகாதபடி ஒரு சங்கிலியைத் தண்டின் அடியில் குறுக்காக மாட்டி வந்தேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

லோயர் கேம்ப்பைத் தாண்டி மலை ஏறினால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். குளிர் காற்று, ஈரப் பாறை, மேகம் இறங்கிய மரங்கள் எல்லாம் நம் ஊரை நினைவுபடுத்துவது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். குமுளிக் கடைகளில் மலையாளிகளுக்கு வீரணனும் ஒன்றுதான், நானும் ஒன்றுதான். இரண்டு பேரும் பாண்டிக்காரர்கள், தமிழர்களை அவர்கள் இளக்காரமாகக் கூப்பிடுகிற பெயர். ஒரு தடவை கடைக்காரர் ஒருவர், "பாண்டி, சாக்கு அவிடெ வை" என்று யாரையோ அதட்டினார். யாரை என்று தெரியாமல் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். வீரணனின் முகம் சுண்டிப் போனதைப் பார்த்து எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வேன். மேலே நாங்கள் சமம். இறங்க இறங்க அவன் மறுபடி ஊர்க்காரன் ஆகிவிடுவான், நான் சிலோன்காரன் ஆகிவிடுவேன்.

இறக்கத்தில் அவன் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை ஓடவிடுவான். டீசல் மிச்சமாகும் என்று இங்கே பலருக்கும் அது பழக்கம். வெறும் வண்டியிலேயே ஆபத்து. டிரெய்லரோடு அப்படி இறங்குவதைப் பார்த்து என் கால், இல்லாத பிரேக்கை மிதிக்கும். "டீசல் மிச்சம் புடிக்கணும்னா ஏத்தத்துல புடிக்கலாம் தம்பி. டயர்ல காத்து சரியா இருக்கணும், தார்ப்பாயக் காத்துல அடிக்காம இறுக்கிக் கட்டணும், ஒரே சீரா ஏறணும்" என்று ஒரு நாள் சொன்னேன். "சரிண்ணே, சரிண்ணே" என்றான். மறு வளைவிலேயே நியூட்ரல்.

இன்னொரு நாள் மேலே ஒரு ஏலத்தோட்டத்திலிருந்து பழுதான ஆயில் எஞ்சின் ஒன்றைத் தேனிப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. வார்ப்பிரும்பு. அதைத் தூக்க ஆள் பற்றாமல் டிரெய்லரின் வால் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். முன்னால் மிளகு மூட்டைகள். "இப்படியே போகக்கூடாது" என்றேன். "இறக்கம்தானண்ணே, தன்னால போகும். பட்டறையில முதல்ல அதத்தான் இறக்கணும்" என்றான் வீரணன். மத்தியான வெயிலில் மலை பளிச்சென்று இருந்தது. பாதையில் ஈரம்கூட இல்லை.

நேரான ஒரு சரிவில் நியூட்ரலில் விட்டான். கொஞ்ச தூரத்தில் பின்னால் டிரெய்லர் இடதும் வலதுமாக ஆடத் தொடங்கியது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் வரைக்கும் அந்த ஆட்டம் வந்தது. வீரணன் பிரேக்கை ஓங்கி மிதித்தான். டிரெய்லர் முட்டி, பிக்கப்பின் பின்பக்கத்தைப் பள்ளத்துப் பக்கம் தள்ளியது. மறுபடி மிதித்தான். கருகிய நாற்றம் வந்தது. பெடல் பலகை வரை போய் ஒட்டிக்கொண்டது. அவன் வாயிலிருந்து, "போச்சுண்ணே" என்று மட்டும் வந்தது.

"பிரேக்க விட்டுருங்க! மிதிக்காதீங்க! கிளச்ச மட்டும் அமத்துங்க!" என்று கத்தினேன். கியர் கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். "இப்ப ஒருக்கா ஆக்சிலேட்டர அமத்துங்க!"

ஓடுகிற வண்டியில் இன்னும் வேகம் கேட்கிறானே என்று அவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஆனாலும் அமத்தினான். எஞ்சின் உறுமிய நேரத்தில் கம்பியை உள்ளே தள்ளினேன். பற்கள் அலறின, மூன்றாவது விழுந்தது. வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்தது போல இழுபட்டது. மறுபடி கிளச், மறுபடி உறுமல், இரண்டாவது விழும்போது என் மணிக்கட்டு பிசகியது. வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. முன்னால் கொண்டை ஊசி வளைவு. அப்போது வீரணன் நான் சொல்லாமலே ஸ்டியரிங்கை மலைப்பக்கம் திருப்பினான். ரோடு வேலைக்காரர்கள் அங்கே கொட்டி வைத்திருந்த மண்மேட்டில் பிக்கப்பின் மூக்கு போய்ப் புதைந்தது. டிரெய்லர் ஒரு தரம் குலுங்கி, ஒரு சக்கரத்தை ஓடையில் இறக்கி நின்றது. கொக்கியின் ஆணி வளைந்து பாதி வெளியே வந்திருந்தது. சங்கிலிதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த மண்மேடு அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். உயிர் பிழைத்த அந்தக் கணத்திலேயே எனக்கு அதுவும் உறைத்தது, அதற்கும் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புங்கள்.

எங்களுக்குப் பின்னால் வந்த ஜீப்பிலிருந்து தோட்டத்து வேலை முடித்த பெண்கள் குதித்து ஓடிவந்தார்கள். "அடி ஆத்தாடி, நம்ம வீரணன்!" என்று ஒரு பெண் கதவைத் திறந்து அவனை வெளியே இழுத்துத் தலையையும் தோளையும் தடவித் தடவி அழுதாள். அவனுக்கு அத்தை முறையாம். ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார். ஒருத்தர் அவன் நெற்றியில் துண்டால் துடைத்தார். நான் என் பக்கக் கதவு மண்ணில் புதைந்து திறக்காமல், அவன் சீட் வழியாக நகர்ந்து இறங்கினேன். ஜீப் டிரைவர் என்னைப் பார்த்து, "ஏப்பா, நீ கிளீனரா? பாத்துக்கிட்டு நிக்கிறியே, டயருக்கு ஒரு கல்ல எடுத்து வையி" என்றார். மணிக்கட்டு வலியோடு ஒரு கல்லைத் தூக்கி வந்து வைத்தேன்.

"அத்தே, நான் இல்ல. இந்த அண்ணேந்தேன் கியரப் போட்டாக. நான் பெடல மிதிச்சுக்கிட்டுத்தேன் இருந்தேன்" என்றான் வீரணன்.

"பாருடி, புள்ளைக்கு இன்னும் படபடப்பு அடங்கல" என்றாள் அத்தை.

நாங்கள் கூடலூர் போய்ச் சேர்வதற்கு முன்பே செய்தி போய்விட்டது. பிரேக் இல்லாத வண்டியை வீரணன் ஒற்றை ஆளாக நிறுத்திவிட்டான். அக்கா வீட்டு முற்றத்தில் கூட்டம். எல்லோர் முன்னாலும் அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். பாரம் பின்னால் இருந்தது, அண்ணன் முதலிலேயே சொன்னார், நான் கேட்கவில்லை, கியர் போட்டது அவர் கை என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அக்கா அவனுடைய கன்னத்தைத் தட்டி, "நீ எப்பவும் இப்படித்தேன். உன் பேர அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுத்துருவ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்ல மனுசனோட சேந்திருக்கீரு" என்றார். கூட்டம் தலையாட்டியது. வண்டியை நிறுத்திய பெருமையும் அவனுக்கு, அதை வேண்டாம் என்று சொன்ன பெருமையும் அவனுக்கு. பொய் சொல்லியிருந்தால் அவனை வெறுத்திருப்பேன். உண்மையைச் சொல்லி அந்த வழியையும் அடைத்துவிட்டான். வீட்டில் ராசம்மா மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவினாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரியுமில்ல. போதாதா?" என்றாள். போதும் என்று சொல்ல வேண்டிய இடம். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

பிக்கப் பழுது பார்த்து வந்த முதல் நாள், வீரணன் டிரைவர் பக்கம் ஏறவில்லை. சுற்றிப் போய் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சாவியை நீட்டினான். "டிரெய்லர் மாட்டுன அன்னைக்கு நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்" என்றான். ஓட்டினேன். ஊரைத் தாண்டும்வரை அவனைக் கூப்பிடுகிறவர்கள் பொட்டலங்களை என்னைத் தாண்டி நீட்டி அவனிடம் கொடுத்தார்கள். ஆனால் மலையில் அவன் நன்றாகவே கவனித்தான். வளைவில் டிரெய்லர் உள்பக்கம் ஒடித்து வரும், அதனால் அகலமாகப் போக வேண்டும் என்றும், பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும் என்றும் கேட்டுக் கேட்டுப் பழகினான். பாரம் ஏற்றுகிறவர்களிடம் அவனே நின்று அச்சைக் காட்டி விளக்கினான். அவன் சொன்னதும் அவர்களுக்கு உடனே புரிந்தது. ஒரு மிளகுப் பருவம் முடிந்ததும் சொந்தமாக ஜீப் வாங்கி ஆள் ஏற்றப் போய்விட்டான். பிக்கப்பும் டிரெய்லரும் முழுசாக என்னிடம் வந்தன. நான் அதை வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டேன். இன்றைக்கும் கடைத்தெருவில், "வீரணன் வண்டி வந்துருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். தூரத்தில் வண்டியைப் பார்த்துக் கையைத் தூக்குகிறவர்கள், கிட்டே வந்ததும் என் முகத்தைப் பார்த்து அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொள்கிறார்கள். வீரணன் எதிரே வந்தால் ஜீப்பை நிறுத்தி நலம் கேட்பான். எனக்கு இன்னும் நெஞ்சில் ஒரு பொறி விழும்.

போன மாசம் கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குடும்பத்தை ஏற்றச் சொல்லி அக்கா அனுப்பினார். மேலே ஒரு ஏலத்தோட்டத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்கள். புருஷன், பெண்சாதி, அவளுடைய தங்கை. பெட்டிகளின் மேல் எழுதியிருந்த சிங்கள எழுத்தைப் பார்த்ததும் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. டிரெய்லரில் நான் ஆள் ஏற்றுவதில்லை. அவர்களைப் பிக்கப்பின் பின்பக்கத் தட்டில் உட்கார வைத்துவிட்டு, சாமான்களை டிரெய்லரில் ஏற்றினேன். பெட்டி, தையல் மெஷின், தேயிலை வந்த ஒரு பலகைப் பெட்டி. அந்தப் பலகைப் பெட்டிக்குக் கயிறு இறுக்கும்போது முகம் கிட்டே போனது. காய்ந்த தேயிலைத் தூள் வாசனை. என் வீட்டுப் பெட்டியிலிருந்து அது போய் வெகுகாலம்.

"சேர், மெஷின் உடையாதுங்களே?" என்று நம் ஊர் வழக்கில் சாரைச் 'சேர்' ஆக்கிக் கேட்டார் அந்தப் புருஷன்.

"பயப்படாதீக. நான் பாத்துக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயில் வந்தது கூடலூர்ப் பேச்சு என்று கவனித்தேன். "நானும் அங்க உள்ளவன்தான். நீங்க எந்தத் தோட்டம்?" என்று உடனே கேட்டேன்.

அவர் மரியாதையாகச் சிரித்தார். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. கப்பலிறங்கிய நாள் முதல் ஒவ்வொரு தரகனும் 'நானும் அங்க உள்ளவன்' என்று சொல்லித்தானே அவர்களை நெருங்கியிருப்பான். லோயர் கேம்ப்பில் டீ குடிக்க நிறுத்தினேன். டீக்கடைக்காரர் அவர்களைக் கண்ணால் காட்டி, "உங்க ஆளுகளா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். கிளாசை வைக்கப் போனபோது, அந்தப் பெண் தங்கையிடம் சொன்னது காதில் விழுந்தது. "குடுத்து வச்ச மனுசன். சொந்த ஊரு, சொந்த வண்டி."

ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் குளிர்ந்தது. என்னைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்படுகிறார். திருத்த வாய் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் புடவையை நம் பெண்கள் கட்டுகிற விதத்தில் கட்டியிருந்தாள், பேச்சில் இன்னும் நம் மலையின் குளிர் இருந்தது. போன மாசமோ அதற்கு முந்தின மாசமோ அவள் அந்த மலையைப் பார்த்திருப்பாள். எனக்கு அவள்மேல் எரிந்தது.

இரண்டாவது கியரில் மலை ஏறினேன். மேகம் பாதைக்கு இறங்கி வந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தால் மூன்று பேருடைய பின்தலைகள்தான் தெரிந்தன. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னால் வரும் தங்கள் பெட்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வளைவில் டிரெய்லர் மறைந்தது. அந்தப் பெண் எழுந்து எட்டிப் பார்த்தாள். நேரானதும் பெட்டிகள் திரும்பத் தெரிந்தன, அவள் உட்கார்ந்தாள். அடுத்த வளைவிலும் எழுந்தாள். அவளோடு சேர்ந்து நானும் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் அந்தப் பெட்டிகள் வந்து சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையால் மட்டும் முன்னால் ஓட்டிக்கொண்டு போனேன்.